லோர்னா தீசனின் இரண்டு எண்கள்

யாரும் போய்ப் பார்க்க முடியாத தொலைவில் என்ன இருக்கிறது என்று, கனடாவின் விண்ணிபெக் நகரில் ஒரு சமையலறை மேசையில் பென்சிலோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரால் சொல்ல முடியுமா? சொன்னாலும், வானம் ஏன் அந்தப் பென்சிலுக்குக் கட்டுப்பட வேண்டும்? லோர்னா தீசனின் வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறேன். ஒருமுறை அவரிடமே கேட்டேன். "கட்டுப்படணும்னு ஒண்ணும் இல்ல. பெரும்பாலும் கட்டுப்படுறதும் இல்ல" என்றார். பிறகு குனிந்து காலணியின் அடியைத் துடைக்கத் தொடங்கினார்.

துறைக்குள் அவர் பெயர் பெரியது. பிரபஞ்சவியல் பாடப்புத்தகம் எதை எடுத்தாலும் ‘தீசன் மடிப்பு’ பற்றி ஒரு பக்கமாவது இருக்கும். விண்ணிபெக்கின் வுல்ஸ்லி பகுதியில் அவர் குடியிருந்த தெருவில் அது யாருக்கும் தெரியாது. அங்கே அவர் காரைப் பின்பக்கமாக எடுக்கும்போது ஒரே எல்ம் மரத்தை இரண்டு முறை இடித்தவர். பனி தள்ளும் இயந்திரத்தை இரவல் வாங்கினால் பெட்ரோல் நிரப்பித் திருப்பிக் கொடுப்பவர். எங்களுக்கு அவர் செவ்வாய்க்கிழமை கர்லிங் அணியில் மூன்றாவது ஆள். அணித் தலைவி டோரீன் வாசிலிக், நகரப் பேருந்தை முப்பத்தொரு வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். நானும் டோரீனின் மைத்துனரும் மீதி இரண்டு பேர்.

உறைந்த தளத்தில் இருபது கிலோ கல்லை வழுக்கிவிட்டு, அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுகிற ஆட்டம் அது. ஓடும் கல்லைத் துடைப்பம் தொட்டுவிட்டால் தொட்டவரே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆட்டங்களுக்கு நடுவர் கிடையாது. ஒரு பிப்ரவரியில் லோர்னாவின் துடைப்பம் கல்லைத் தொட்டதை நாங்கள் மூன்று பேருமே பார்த்தோம். அவர் தொடவில்லை என்றார். எதிரணியினர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள், நாங்கள் ஜெயித்தோம். வழக்கப்படி ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு முதல் பியர் வாங்க வேண்டும். அன்று எல்லோருக்கும் லோர்னாவே வாங்கினார், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல். டோரீன் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. மூன்றாவது வாரம், "ப்ரொபசரம்மா, மொதல்ல கண்ணாடிய மாத்துங்க. அப்புறமா வானத்தப் பாக்கலாம்" என்றார். லோர்னா சிரிக்கவில்லை.

அவரை ஒரு புனிதராக யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். தோல்வியைத் தாங்கத் தெரியாதவர் அவர்.

பிறந்தது வின்க்ளர் என்ற சிறு நகரத்தில், மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில். அப்பா வீடுகளுக்கு வெப்ப உலை பொருத்துகிறவர். ஐந்து பிள்ளைகளில் இவர் நடு. பள்ளியில் கணக்கு டீச்சராக வேண்டும் என்று பல்கலைக்கழகம் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். அண்ணன் விதை வியாபாரம் செய்தார். வருடா வருடம் அவர் கொடுக்கும் பெரிய காலண்டர்களின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். லோர்னா தன் கணக்குகளை எல்லாம் அந்தத் தாள்களில்தான் போட்டார். மாதம் முடிந்து கிழித்த தாளாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதம். ஆண்டுவாரியாகக் கயிறு கட்டி, அலமாரியில் அடுக்கிவைத்திருந்தார்.

இருபத்தொன்பது வயதில் பதினொரு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் சொன்னது இதுதான். பிரபஞ்சம் பிறந்த புதிதில் கொதிக்கும் கஞ்சி மாதிரி இருந்தது, அதற்குள் ஒலி ஓடியது. ஆறத் தொடங்கியதும் அந்த ஒலியலை அப்போது இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. இது வரை எல்லோருக்கும் தெரிந்த கதை. லோர்னா, அந்த அலைக்குப் பின்னால் இன்னொரு மிக மெல்லிய அலையும் ஓடியிருக்க வேண்டும் என்றார். அப்படி ஓடியிருந்தால், மடித்துவைத்த துணியை விரித்த பிறகும் மடிப்பின் கோடு தெரிகிற மாதிரி, இன்றைய வானத்திலும் அதன் தடம் இருக்கும். விண்மீன் மண்டலங்களை இரண்டிரண்டாக எடுத்து இடைவெளியை அளந்துகொண்டே போனால், ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் மட்டும் எண்ணிக்கை கொஞ்சம் கூடுதலாக வரும். எந்த இடைவெளி என்றும் சொன்னார்: தொண்ணூறு கோடி ஒளியாண்டு.

அப்போதைய தொலைநோக்கிகளால் அதைப் பார்க்க வழியில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளில் மூன்று குழுக்கள் தேடின. ஒவ்வொரு குழுவும் "இன்னும் தெளிவாகத் தெரியவில்லை" என்று எழுதி முடித்தது. லோர்னா மாணவர்களுக்குப் பாடம் சொன்னார், கமிட்டிகளில் உட்கார்ந்தார், செவ்வாய்க்கிழமைகளில் கல் விட்டார். மடிப்பு மட்டும் வரவில்லை.

பிறகு எட்டு ஆண்டு ஓடிய ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. நூற்று நாற்பது பேர், நான்கு கோடி விண்மீன் மண்டலங்கள். தலைவர் கில் அர்சனோ, மொங்க்டன்காரர், மொன்றியாலில் பேராசிரியர், லோர்னாவின் முப்பது வருட நண்பர். கணக்கெடுப்பின் விதிகளைக் காக்கும் பொறுப்பு வான்கூவரைச் சேர்ந்த ரென் சகமோட்டோ என்ற புள்ளியியல் அறிஞருக்கு.

அந்த விதிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தங்களுக்கு வேண்டிய விடையை நோக்கித் தங்கள் கை தானாகவே சாயும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் தங்கள் கண்ணைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். கணினி ஒரு ரகசிய எண்ணைத் தேர்ந்தெடுத்து, அளந்த எல்லாத் தூரங்களையும் அதனால் பெருக்கிவைத்துவிடும். அந்த எண் யாருக்கும் தெரியாது. எல்லோரும் அந்தப் பொய்த் தூரங்களை வைத்தே வேலை செய்வார்கள். வேலை முடிந்தது, இனி எதையும் மாற்றமாட்டோம் என்று ஒரு நாளில் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். அதற்குப் பெயர் உறைநாள். உறைநாளுக்கு இரண்டு வாரம் கழித்துப் பெட்டியைத் திறப்பார்கள். ரகசிய எண் நீங்கும், உண்மைத் தூரம் தெரியும்.

வசந்த காலத்திலேயே தெரிந்துவிட்டது, மடிப்பு ஒன்று இருக்கிறது. வரைபடத்தில் சின்னதாக ஒரு மேடு. எந்தத் தூரத்தில் என்பதுதான் பெட்டிக்குள் இருந்தது. தொண்ணூறு என்றால் அது லோர்னாவின் மடிப்பு. வேறு எண் என்றால் அது வேறு ஏதோ ஒன்று, அவர் கோட்பாடு அதோடு முடிந்தது. இதைவிடப் பெரிய கணக்கெடுப்பு அவர் உயிரோடிருக்கும் காலத்தில் நடக்கப்போவதில்லை. அவருக்கு அப்போது அறுபத்தேழு வயது.

அக்டோபர் பத்து, வெள்ளிக்கிழமை, உறைநாள். லோர்னாவும் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறை. மதியச் சாப்பாட்டுக்கு டோரீன் வீட்டில் கூடுவதாகப் பேச்சு. லோர்னா ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக் செய்து எடுத்துவர வேண்டும். ஒரு மணிக்கு வர வேண்டியவர் மூன்றே காலுக்கு வெறுங்கையோடு வந்தார். வான்கோழி ஆறிப்போய், அதன் மேல் டோரீன் ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தார்.

"கேக் எங்க?" என்று டோரீன் கேட்டார்.

"செய்யல."

"ரெண்டே கால் மணி நேரம் லேட்டா வந்தா, கேக்கும் ரெண்டே கால் மடங்கு பெருசா இருக்கும்னு நெனச்சேன்."

லோர்னா கோட்டைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். அன்று காலையில் நடந்ததை மெதுவாகச் சொன்னார். முடிவுக் கட்டுரைக்கு முன்னுரையில் ஒரு பத்தி எழுதித் தரும்படி கில் கேட்டிருந்தார். பழைய வாக்கியத்தையே திரும்ப எழுத மனமில்லாமல், கணக்கை முதல் வரியிலிருந்து புதிதாகப் போட்டுப் பார்த்தாராம். விடை தொண்ணூறு வரவில்லை. அறுபத்து மூன்று வந்தது. நான்கு முறை போட்டார், நான்கு முறையும் அதே. பிறகு அலமாரியிலிருந்து பழைய தாள்கட்டை இறக்கிப் பிரித்தார். மார்ச் மாதத் தாளின் பின்பக்கம், பதினோராம் சமன்பாட்டில், ஒரு ஹெச் காணாமல் போயிருந்தது.

இந்த ஹெச் அந்தத் துறைக்காரர்களின் விசித்திரமான வழக்கம். லோர்னா இளமையில் இருந்தபோது, பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஒரு கட்சியின் எண் மற்றதைவிட இரண்டு மடங்கு. அந்த வேகம் தெரியாமல் வானத்தில் எந்தத் தூரத்தையும் உறுதியாகச் சொல்ல முடியாது. சண்டை தீரும்வரை வேலையை நிறுத்திவைக்க மனமில்லாதவர்கள், தெரியாத அந்த வேகத்துக்கு ஹெச் என்று ஓர் எழுத்தை வைத்து, எழுதுகிற ஒவ்வொரு தூரத்தோடும் அதைச் சுமந்துகொண்டே போனார்கள். என்றாவது தெரியவரும்போது அந்த இடத்தில் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். இப்போது அது சுமார் பூஜ்யம் புள்ளி ஏழு என்று தெரியும்; தொண்ணூறை அதனால் பெருக்கினால் அறுபத்து மூன்று. வழக்கம் மட்டும் போகவில்லை. அந்தத் தொழிலில் இருப்பவர் எவரும் எப்போதாவது ஒரு ஹெச்சைத் தொலைத்திருப்பார். ஆனால் முப்பத்தெட்டு வருடம் தொலைத்தவர் இல்லை.

எப்படி ஒருவர் கண்ணிலும் படவில்லை என்று கேட்டேன். கணினியில் சரிபார்த்தவர்கள் எல்லோரும் அவருடைய பன்னிரண்டாம் சமன்பாட்டிலிருந்து தொடங்கினார்களாம். "பதினொண்ணு வரைக்கும் என்னை நம்பிட்டாங்க" என்றார்.

டோரீன் கேட்டதுதான் சரியான கேள்வி. "பெட்டி எப்போ தெறக்குறாங்க?"

"இருபத்து நாலாம் தேதி."

"அது வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருந்தா?"

லோர்னா கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். டோரீன் தட்டை எடுத்து வான்கோழியை வெட்டிப் போட்டார். லோர்னா முழுவதையும் சாப்பிட்டார். பிறகு அந்த மேசையிலிருந்தே கில்லுக்குப் போன் செய்தார்.

"கில், என் எண் தப்பு."

"எவ்வளவு தப்பு?"

"ஒரு ஹெச்."

கில் சிரித்தார், எங்களுக்கே கேட்டது. சிரித்து முடித்துவிட்டு, "லோர்னா, ஒலகமே தொண்ணூறுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. இப்பப் போயி அறுபத்து மூணுன்னு சொன்னா, பெட்டிக்குள்ள தொண்ணூறு இருந்தா என்ன பண்ணுவ?" என்றார்.

"தோத்துட்டேன்னு சொல்லுவேன்."

"எல்லாரும் கை தட்டிக்கிட்டு இருக்கும்போதா?"

"ஆமா."

அன்று மாலையே நூற்று நாற்பது பேருக்கும் கடிதம் போனது. புதன்கிழமை இணையத்தில் கூட்டம் போட்டார்கள். உறைநாள் முடிந்து மூன்று நாள் கழித்து வந்த திருத்தத்தை ஏற்கலாமா என்பதுதான் பேச்சு. உறைந்தது அளவீடு மட்டும்தான், கோட்பாடு இல்லை, எனவே பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாம் என்றார் கில். ரென் சகமோட்டோ இரண்டு எண்களையும் தேதியோடு போட வேண்டும் என்றார். பெட்டி மூடியிருக்கும்போது வந்தது என்பதற்குத் தேதிதான் சாட்சி. கலிபோர்னியாவிலிருந்து ஒருவர், மைக்கை அணைக்க மறந்து, பக்கத்திலிருப்பவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "அம்மா கையில இப்போ ரெண்டு லாட்டரிச் சீட்டு."

இதை லோர்னா எங்களிடம் சொன்னபோது அவர் கழுத்து சிவந்திருந்தது. மறுநாள் குழுவுக்கு இரண்டே வரி எழுதினார். என் கோட்பாடு சொல்லும் எண் அறுபத்து மூன்று. பெட்டிக்குள் தொண்ணூறு இருந்தால் நான் பிழைபட்டவள் என்று கட்டுரையில் எழுதுங்கள்.

அந்த இரண்டு வரியின் கனம் எனக்குப் புரிய ஒரு நாள் பிடித்தது. இது வரை அவர் தோற்பதற்கு ஒரு வழிதான் இருந்தது. இப்போது அவரை உலகமே வாழ்த்தும்போதும் அவர் தோற்றிருக்கலாம். அந்த வழியை அவரே திறந்துவைத்திருந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் அவர் விட்ட கல் ஒன்றுகூட வட்டத்துக்குள் நிற்கவில்லை. டோரீன் அன்று கிண்டல் செய்யவில்லை.

இருபத்து நாலாம் தேதி மதியம், பல்கலைக்கழக இயற்பியல் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பெட்டி திறக்கும் நிகழ்ச்சி. மற்ற ஊர்களில் இருப்பவர்கள் திரையில் தெரிந்தார்கள். லோர்னா எங்கள் அணியையும் அழைத்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். ஒரு மாதம் முன்பே யாரோ கேக் சொல்லிவைத்திருந்தார்கள், அதன் மேல் நீல நிறத்தில் 90 என்று எழுதியிருந்தது. மாற்றச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அல்லது துணிச்சல் வரவில்லை.

ரென் வான்கூவரிலிருந்து கடவுச்சொல்லைத் தட்டினார். திரையில் அந்தச் சின்ன மேடு முதலில் எண்பதுக்குப் பக்கத்திலேயே நின்றது. டோரீன் என் காதருகே, "எந்தப் பக்கம் போகணும்னு வேண்டிக்கறது?" என்று கேட்டார். இடப்பக்கம் என்றேன். மேடு இடப்பக்கம் நகர்ந்தது. எழுபதைத் தாண்டியது. அறுபத்து மூன்றில் நின்றது.

முதலில் மொன்றியாலில் யாரோ அழுதார்கள். பிறகு எல்லா ஊர்களும் ஒன்றாகப் பேசத் தொடங்கின. கில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். லாட்டரிச் சீட்டு என்று சொன்னவர் எழுந்து நின்று, அப்படியே நின்றுகொண்டிருந்தார். லோர்னா மட்டும், "பிழை வரம்பு எவ்வளவு?" என்று கேட்டார். ஒரு கோடி ஒளியாண்டு என்றார்கள். தலையை ஆட்டினார். அவர் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. டோரீன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை விடுவித்து, கேக்கில் ஒன்பது இருந்த துண்டை வெட்டி அதில் வைத்தார். "சாப்பிடு. தப்பான பக்கம் மொதல்ல காலியாகட்டும்."

மனத்துக்கும் உலகத்துக்கும் என்ன உறவு என்று வாதாடும் புத்தகங்களை நிறையவே படித்திருக்கிறேன். அவற்றில் பாதியை நம்பியதில்லை, மீதியைப் புரிந்துகொண்டதாகச் சொல்லமாட்டேன். அந்த மதியம் பார்த்ததற்கு அவற்றில் எதுவும் என்னைத் தயார் செய்யவில்லை. கிழித்த காலண்டர் தாளில் ஒருவர் தன்னந்தனியாகத் தன் தவறைத் திருத்துகிறார். ஒளியே ஓடிக் கடக்க அறுபத்து மூன்று கோடி ஆண்டு ஆகும் இடைவெளிகளில், இவர் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே, விண்மீன் மண்டலங்கள் அந்தத் திருத்தத்தின்படியே நின்றுகொண்டிருக்கின்றன. தவறான எண்ணை அவை முப்பத்தெட்டு வருடமும் பொருட்படுத்தவே இல்லை. அந்த அறையில் எனக்கு வந்தது மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கட்டுரை நவம்பரில் தயாரானது. முதல் வரைவை கில் எழுதினார். ‘அறுபத்து மூன்று கோடி ஒளியாண்டில் மடிப்பு இருக்கும் என்று தீசன் கணித்திருந்தார், அது அங்கேயே காணப்பட்டது’ என்று அதன் நடுவில் ஒரு வாக்கியம். திருத்தம் வந்த தேதி அடிக்குறிப்பில். வரைவு எல்லோருக்கும் போனது. மற்றவர்கள் பக்கம் பக்கமாகத் திருத்தங்கள் அனுப்பினார்கள். லோர்னா இரண்டே திருத்தம் செய்தார். அந்த வாக்கியத்தை இப்படி மாற்றினார்: ‘தீசன் கணித்தது தொண்ணூறு, அங்கே மடிப்பு காணப்படவில்லை. அந்தக் கணக்கைப் பிழையின்றிச் செய்தால் அறுபத்து மூன்று வரும்; அளவீடு அதனோடு ஒத்துப்போகிறது.’ பிறகு கட்டுரை முழுவதிலும் ‘தீசன் மடிப்பு’ என்று வந்த இடங்களில் எல்லாம் முதல் சொல்லை அடித்தார்.

கில் ஒரே வாரத்தில் மூன்று முறை போன் செய்தார். இது அடக்கம் இல்லை, பொய் என்று கத்தினாராம். விதிகளைக் காப்பவரான ரென்னே நேரில் வந்தார். வான்கூவரிலிருந்து இதற்காகவே விமானம் பிடித்து, உறையும் குளிரில் லோர்னாவின் வீட்டுக்குப் போய், தேதி உங்கள் பக்கம் இருக்கிறது, பெட்டி மூடியிருந்தது, விதிப்படி அந்த எண் உங்களுடையதுதான் என்று எடுத்துச் சொன்னார். லோர்னா அவருக்கு சூப் கொடுத்தார். ரென் பேசி முடித்ததும், "நான் திருத்துனபடியே போட்டுடுங்க" என்றார் லோர்னா.

கர்லிங் முடிந்து மேசையில் உட்கார்ந்திருந்தபோது டோரீனும் கேட்டுப் பார்த்தார். "யாருக்காக இப்படிப் பண்ணுன?"

லோர்னா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு யார் பியர் வாங்கறது?" என்று கேட்டார். நாங்கள் தோற்றிருந்தோம், எதிரணியினர் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த ஆறு வருடங்களில் பலர் கேட்டார்கள். நானும் இரண்டு முறை கேட்டேன். கட்டுரை அவர் மாற்றிய வடிவத்திலேயே வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில், கணித்தவர், கணித்த தூரம், முடிவு என்று மூன்று கட்டங்களாக ஓர் அட்டவணை இருக்கிறது. முதல் வரியில் தீசன், தொண்ணூறு, காணப்படவில்லை. இரண்டாவது வரியில் அறுபத்து மூன்று, காணப்பட்டது. பெயருக்கான கட்டத்தில் எதுவும் இல்லை.